பழைய கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

இது நடந்தது எண்பதுகளின் கடைசியில். அப்போது நாங்கள் திருப்பூர் ராயபுரத்தில் இருந்தோம். கீழே எங்கள் பனியன் கம்பெனி, மேலே வீடு. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை.

கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'பி.எஸ்ஸி.' என்று போட்டிருந்தார்கள். அச்சுக்குக் கொடுத்தபோது ரிசல்ட் வந்திருக்கவில்லை. வந்தபோது ஒரே ஒரு பேப்பர் போயிருந்தது. எலக்ட்ரோமேக்னடிசம். 'ஒரு பேப்பர்தானுங்களே, எழுதிக்கும்' என்று மாமியார் வீட்டில் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அடுத்த தடவை எழுதியும் போய்விட்டது. நூல் கடைக்காரர் வந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் சரி, என் மாமியார், 'எங்க மருமக பிசிக்ஸு பி.எஸ்ஸி.ங்க' என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். ஒவ்வொரு தடவையும் என்னால் அந்த இடத்தில் நிற்க முடியாது. காபி போடுகிற சாக்கில் உள்ளே ஓடிவிடுவேன்.

அந்த வருஷம் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றியது. பழைய பாடத்தில் எழுத ஏப்ரல் மாதப் பரீட்சைதான் கடைசி வாய்ப்பு. விட்டால் புதுப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். ஏப்ரலில் எனக்கு ஏழாவது மாசம் நடந்துகொண்டிருக்கும். குழந்தை பிறந்த பிறகு யார் படிக்கவிடுவார்கள்? இப்போது இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து எனக்கு எந்த வேலையிலும் மனசு நிற்கவில்லை. புத்தகத்தைத் திறப்பேன், மூடுவேன், மாடிக்குப் போவேன், இறங்குவேன். கீழே தையல் மிஷின்கள் ஓடினால் சத்தம் எரிச்சலாக இருக்கும். கரண்ட் போய் எல்லாம் நின்றுவிட்டால் அந்த அமைதி அதைவிட எரிச்சலாக இருக்கும்.

பழைய கேள்வித்தாள்களைப் பார்த்துப் படித்தால் தப்பிக்கலாம் என்று கூடப் படித்த ஒரு தோழி சொன்னாள். என் கணவர் லேபிள், பட்டன் வாங்க அடிக்கடி கோயமுத்தூர் போவார். என் காலேஜ் லைப்ரரியில் கேட்டு, முடிந்தவரைக்கும் எல்லா வருஷத்துத் தாள்களையும் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னேன். அவர் பத்தாவது வரைக்கும் படித்தவர். காலேஜ் வாசலை அதற்கு முன்னால் மிதித்தது கிடையாது. கட்டாக எடுத்துக்கொண்டு வந்து பெருமையாக நீட்டினார். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் எலக்ட்ரானிக்ஸ்.

"எலக்ட்ரோன்னுதானே சொன்னே?" என்றார் பாவமாக.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் நிற்காமல் அழுகை வந்தது. அவர் மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேறொரு கட்டோடு வந்து, "இதுல மேக்னெட் இருக்குதா பாரு" என்றார். இருந்தது.

அந்தத் தாள்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, எந்தக் கேள்வி எந்தெந்த வருஷம் வந்திருக்கிறது என்று பார்த்தோம். காஸ் தேற்றம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம். வட்டச் சுருளின் அச்சில் காந்தப்புலம், சோலனாய்டு என்கிற நீளக் கம்பிச் சுருள், இரண்டும் மாற்றி மாற்றி. மேக்ஸ்வெல் சமன்பாடுகள் தவறாமல். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இதெல்லாம் ரிப்பீட் ஆர்டரா?" என்று கேட்டார். அதுதான் சரியான வார்த்தை என்று எனக்கும் தோன்றியது. ரிப்பீட் ஆர்டர்களை மட்டும் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். ஒரு தடவைகூட வராததை எல்லாம் புத்தகத்தில் புரட்டியும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. ஒரு பழைய தாளை எடுத்து, நிஜப் பரீட்சை மாதிரியே மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்க்கலாம் என்று ஆசை வந்தது. கணவரைக் கடிகாரத்தோடு உட்கார வைத்தேன். மாமியார் அந்தப் பக்கம் ஒரு குவியல் பனியனை வைத்துக்கொண்டு தொங்குகிற நூல் பிசிறுகளை வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கவனிக்கிற மாதிரியே தெரியவில்லை. எழுத ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்புறம் இடுப்பு வலி என்று நடந்தேன். அப்புறம் ஜன்னல். மூன்று மணி நேரம் முடிந்தபோது பாதிதான் எழுதியிருந்தேன்.

"இன்னுங் கொஞ்ச நேரம் எழுதிக்கோ" என்றார் கணவர்.

மாமியார் கத்தரியைக் கீழே வைத்தார். "ஏஞ்சாமி, அங்க நேரமாச்சுன்னா உட்டுருவாங்களா, புடுங்கிக்குவாங்களா?"

"புடுங்கிக்குவாங்கம்மா."

அவ்வளவுதான். மாமியார் எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாதி வாக்கியம் பேனாவிலேயே நின்றது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிறவர், அவருக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் திட்டினேன். சாயங்காலம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, புத்தகத்தை வைத்துத் திருத்திப் பார்த்தேன். எழுதிய பாதியிலும் ஒரு பெரிய கேள்வி தப்பு. கொஞ்ச நீளமே உள்ள கம்பிக்குக் காந்தப்புலம் கேட்டிருந்தார்கள். நான் முடிவில்லாத நீளக் கம்பிக்கு மனப்பாடம் செய்ததை அப்படியே இறக்கி வைத்திருந்தேன். கேள்வியைப் படிக்கவே இல்லை. தெரிந்த வார்த்தையைப் பார்த்ததும் கை ஓடியிருக்கிறது.

இப்படி எழுதினால் மறுபடியும் போய்விடும் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனால் ஒரு வழியும் தெரிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தாள். நேரம் பார்க்கிற வேலை யாரும் சொல்லாமலே மாமியாரிடம் போய்விட்டது. நான் எழுந்தால், "அங்க எந்திரிச்சுப் போக உடுவாங்களா அம்மிணி?" என்பார். விடமாட்டார்கள் என்று சொன்னால், "அப்ப உக்காரு." எனக்கு உட்கார்ந்திருப்பதுதான் படிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது. தெரியாத கேள்வி வந்தால் உடம்பெல்லாம் ஊறும். கால் தானாக எழப் பார்க்கும். அவர் பிசிறு வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இதனால் அவர் திடீரென்று தங்கமாக மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ரசத்தில் உப்பு கூடினால் அப்போதும் திட்டுதான்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏதோ பந்த் என்று எல்லாப் பரீட்சைகளையும் தள்ளி வைத்தார்கள். புதுத் தேதியைப் பேப்பரில் பார்த்ததும் என் தலை சுற்றியது. அதே திங்கட்கிழமைதான் எனக்கு வளைகாப்பும் கட்டுச்சோற்று விருந்தும். உடுமலைப்பேட்டையிலிருந்து என் அம்மா வீட்டார் சோறு கட்டிக்கொண்டு வந்து, விருந்து முடிந்ததும் என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

விஷயம் தெரிந்து என் அப்பாவே பஸ் பிடித்து வந்துவிட்டார். "பரிச்சையை அப்புறம் பார்த்துக்கலாம் கண்ணு" என்றார். அப்புறம் என்று ஒன்று இல்லை என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் முடிவாகச் சொன்னார்: "பந்தலுக்குச் சொல்லியாச்சு. தேதியெல்லாம் மாத்த முடியாதுங்க."

நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். துணி காயப்போடுகிற கம்பிகளுக்கு நடுவே இங்கும் அங்கும் நடந்தேன். இத்தனை வாரம் உட்காரப் பழகியதெல்லாம் போன இடம் தெரியவில்லை. அழவும் தோன்றவில்லை. நடந்து நடந்து கால் வீங்கிய பிறகு ஒன்று உறைத்தது. அவர் தேதியைத்தான் மாற்ற முடியாது என்றார். நேரத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. இறங்கி வந்து தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். மாமியார் சமையல்கட்டில் இருந்தார்.

"அத்தை, அன்னைக்குக் காலைல ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் நல்ல நேரம் போட்டிருக்குதுங்க" என்றேன்.

அவர் திரும்பாமலே, "பரிச்சை எத்தன மணிக்கு?" என்றார்.

"பத்துக்குங்க."

அவர் அடுப்பைத் தணித்துவிட்டுக் கீழே கம்பெனிக்குப் போய்விட்டார். அன்று முழுக்க நான் பட்ட பாடு! கேட்டது தப்போ, என் அப்பாவைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் திடுக்கிட்டேன். சாயங்காலம் படிக்கட்டில் யாரிடமோ அவர் பேசுவது கேட்டது. "ஆறு மணிக்குங்க. நேரமே வந்துருங்க. அதுக்கு மேல வந்தா புள்ளை இருக்காது, பரிச்சைக்குப் போயிரும்."

அந்தத் திங்கட்கிழமை, இன்னும் தூக்கம் கலையாத முகங்களோடு சொந்தக்காரப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கன்னத்தில் சந்தனம் தடவி, கையில் வளையல் அடுக்கினார்கள். நான் வாயை அசைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஸ்லோகம் சொல்கிறேன் என்று ஒரு பாட்டி பாராட்டினார். நான் சொல்லிக்கொண்டிருந்தது மேக்ஸ்வெல் சமன்பாடு. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். குழந்தை பிறக்கும் வரைக்கும் ஒன்றைக்கூடக் கழற்றக் கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கணவருக்கு அன்று துறைமுகத்துக்கு லாரி லோடு ஏற்றியே ஆக வேண்டும். கார் மட்டும் பிடித்துக் கொடுத்திருந்தார். நான் தனியாகப் போகத் தயாராக நின்றேன். காரின் அடுத்த பக்கக் கதவு திறந்தது. பட்டுச் சேலையோடு மாமியார் ஏறி உட்கார்ந்தார். விருந்தாளிகளை யார் கவனிப்பது என்று என் அம்மா பதறினார்.

"சோறு கொண்டாந்தது நீங்க. பரிமாறவும் உங்களுக்குத் தெரியுமுங்க" என்றார் மாமியார். கார் கிளம்பிவிட்டது.

அவிநாசி தாண்டுகிற வரைக்கும் மடியில் பழைய தாள்களைப் பிரித்துப் பிரித்து மூடினேன். அவர் அவற்றை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு இலைப் பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோற்றை நீட்டினார். தொண்டையில் இறங்கவில்லை. இறங்குகிற வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.

பரீட்சை ஹாலில் நான் நுழைந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. கன்னத்தில் சந்தனம், தலை நிறையப் பூ, பட்டுச் சேலை, பெரிய வயிறு. தலையைக் குனிந்துகொண்டு என் நம்பரைத் தேடி உட்கார்ந்தேன். கேள்வித்தாள் வந்தது. முதல் பகுதி தெரிந்த மாதிரிதான் இருந்தது. எழுத ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம். ஒவ்வொரு வரிக்கும் கையை நகர்த்தும்போது அத்தனை வளையலும் மர மேஜையில் மோதிக் கலகலவென்றன. முன்னால் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான். கையைத் தூக்கி எழுதிப் பார்த்தேன், எழுத்து கோணியது. இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதினேன், தாள் நகர்ந்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது.

கண்காணிப்பாளராக வந்திருந்தவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. வேறு காலேஜிலிருந்து வந்தவர் போல, எனக்குத் தெரியாத முகம். பக்கத்தில் வந்து, "கழட்டி வச்சிரும்மா" என்றார்.

"கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மேடம்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். மேலதிகாரியைக் கூப்பிடத்தான் போகிறார், என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர் தன் மேஜையிலிருந்து, கூடுதல் விடைத்தாள்களைக் கட்டுகிற வெள்ளை நூலை ஒரு பிடி எடுத்து வந்தார். என் வலது கையைப் பிடித்து, வளையல்களை ஒன்றாகச் சேர்த்து, மணிக்கட்டுக்கும் வளையலுக்கும் நடுவே நூலை விட்டு எடுத்து, விட்டு எடுத்து, நெருக்கமாகச் சுற்றினார். ஒரு முழுச் சுற்று வந்ததும் முடிச்சுப் போட்டார். "இப்ப எழுதிப் பாரு." சத்தமே இல்லை. "என்னையும் இப்படித்தான் பயமுறுத்தினாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துபோனார். நன்றி சொல்லக்கூட எனக்கு நேரம் இல்லை.

அதற்கப்புறம் வேகமாக எழுதினேன். காஸ் தேற்றம் வந்திருந்தது. மேக்ஸ்வெல் வந்திருந்தது. கடைசிப் பெரிய கேள்விக்கு வந்தேன். சோலனாய்டு என்ற வார்த்தையைப் பார்த்ததும் கை ஓடப் பார்த்தது. நிறுத்திவிட்டு முழுவதையும் படித்தேன். நீளமான சோலனாய்டை வளைத்து, இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கினால் உள்ளே காந்தப்புலம் எவ்வளவு, வெளியே எவ்வளவு? என்னிடம் இருந்த ஒரு தாளிலும் இந்தக் கேள்வி வந்தது கிடையாது. வராததால் அந்தப் பக்கத்தை நான் படித்ததும் கிடையாது. அதற்குப் பதிலாக எழுதலாம் என்று கொடுத்திருந்த கேள்வி அதைவிட மோசம். இதை விட்டால் பாஸ் கிடையாது என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது.

வியர்த்துக் கொட்டியது. உள்ளே குழந்தை வேறு உதைத்துக்கொண்டே இருந்தது. எழுந்து தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம், ஏழாம் மாசத்துக்காரி மயக்கம் வந்துவிட்டது என்றால் யாரும் கேட்கப் போவதில்லை என்றெல்லாம் தோன்றியது. நிஜமாகவே பெஞ்சில் கையை ஊன்றிவிட்டேன். அப்போது காதுக்குள், "அங்க எந்திரிச்சுப் போக உடுவாங்களா?" என்று கேட்டது. உட்கார்ந்தேன். ஒன்றும் எழுதத் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஊன்றியிருந்த என் வலது கை கண்ணில் பட்டது. வளையல்களைச் சுற்றிச் சுற்றி, உள்ளே போய் வெளியே வந்து, நெருக்கமாக நூல். கேள்வியில் கேட்டிருந்த பொருள் என் கையிலேயே இருந்தது. நூல்தான் கம்பி. அதில் மின்சாரம் ஓடினால்? வளையலின் வழியாகவே ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்குள் எத்தனை சுற்று போகிறது? உட்பக்கம் இருக்கிற அத்தனையும். மணிக்கட்டு இருக்கிற நடு ஓட்டையில் சின்ன வட்டம் போட்டால்? ஒன்றுமே இல்லை. வெளியே பெரிய வட்டம் போட்டால் உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆம்பியர் விதியை மனப்பாடமாக எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. படம் போட்டு, ஒவ்வொரு வரியாக நானே கண்டுபிடித்து எழுதினேன். மணி அடித்தபோது கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வந்து தாளை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

வெளியே ஒரு வேப்பமரத்தடியில் மாமியார் உட்கார்ந்திருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தம் வந்ததால் ஒரு மேடம் கட்டிவிட்டார் என்றேன். நூலின் ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் கட்டியிருக்கறாங்க" என்றார். தொழில்காரர் வாயால் அது பெரிய பாராட்டு.

அன்று சாயங்காலமே என்னை உடுமலைக்கு அழைத்துப் போனார்கள். பெண் குழந்தை பிறந்தது. ரிசல்ட் வந்தபோது நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் காலேஜுக்கே போய் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டார். பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். என் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகச் சொல்லி, சரிதானா, சரிதானா என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் 'பாஸ்' என்றார். மார்க் ஒன்றும் பிரமாதமில்லை, தட்டுத்தடுமாறி மேலே வந்திருந்தேன். குழந்தையைப் பார்க்க வந்த மாமியார், பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டே, "அடுத்தது என்ன பரிச்சை அம்மிணி?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அப்படித்தான் பி.எட். படித்தேன். தொண்ணூறுகளில் அவிநாசி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சராகவும் சேர்ந்தேன்.

கண்ணாடி போட்ட அந்த அம்மாவை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. பெயர்கூடத் தெரியாது. நான் இன்றும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவள்தான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தாலும் சரி, வெளியூரிலிருக்கும் மகள் போன் செய்யக் கொஞ்சம் தாமதமானாலும் சரி, கால் தானாக வாசலுக்குப் போகும். ஆனால் என்ன செய்வதென்றே தெரியாத ஒன்று எதிரே வந்து நிற்கும்போது, எழுந்து ஓடாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிற தைரியம் மட்டும், அந்த ஒரு காலைப் பொழுதிலிருந்து இன்றுவரை என்னோடு இருக்கிறது.